செருப்புக் காசில் ஒரு பள்ளிக்கூடம்!

தூத்துக்குடி என்றதும் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வரும்? தின்பண்டப் பிரியர்கள் மக்ரூன் என்பார்கள். ராத்திரி ஊர் சுற்றுகிறவர்கள் பொரிச்ச பரோட்டா என்பார்கள். சமையல்கட்டில் நிற்பவர்கள் உப்பு என்பார்கள். மனைவியோடு நகைக்கடைக்குப் போய் வந்தவர்கள் முத்து என்று சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார்கள்.

பள்ளிக்கூடம் என்று யாராவது சொல்வார்களா? மாட்டார்கள்.

பழைய துறைமுகம் பக்கத்து டீக்கடையில், "இங்கே பழைய பள்ளிக்கூடங்களைப் பார்க்க வந்திருக்கிறேன்" என்றேன். கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்திவிட்டார்.

"பள்ளிக்கோடமா? எல்லாரும் மாதா கோயில் பாக்க வருவாங்க. முயல் தீவு பாக்க வருவாங்க. பள்ளிக்கோடத்துல என்ன அண்ணாச்சி இருக்கு? நாங்க அதுக்குள்ளேர்ந்து எப்ப வெளிய வருவோம்னு கெடந்தோம்!"

நியாயம்தான். ஆனால் இந்த முத்துக்குளித்துறைக் கரையில் பள்ளிக்கூடம் என்ற வஸ்து செய்திருக்கிற கூத்து கொஞ்சநஞ்சமல்ல. அதைச் சொல்வதற்கு முன்னால் வாசகர்களை ஒரு நடை வியட்நாமுக்கு அழைத்துப் போகவேண்டியிருக்கிறது. பயப்படாதீர்கள், டிக்கெட், விசா எதுவும் வேண்டாம்.

வாசல் ராஜாவுக்கு, வகுப்பறை வெள்ளைக்காரனுக்கு

வியட்நாம் நமக்கு அப்படியொன்றும் அந்நியமில்லை. நம் நகரத்தார் அங்கே போய்க் கடை வைத்தார்கள். புதுச்சேரிக்காரர்கள் பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனார்கள். சைகோனில் இன்றைக்கும் மாரியம்மன் கோவில் இருக்கிறது.

அந்த நாட்டின் நடுவில் ஹுவே என்று ஒரு ஊர். 1802லிருந்து 1945 வரை ராஜாக்களின் தலைநகரம். ஊடே ஓடும் நதிக்கு வாசனை நதி என்று பெயர். வடகரையில் ராஜாவின் கோட்டை. தென்கரையில் பிரெஞ்சு அதிகாரிகளின் பங்களாக்கள். யார் உட்கார்ந்திருக்கிறார், யார் ஆள்கிறார் என்பது இரண்டு கரையையும் பார்த்தாலே புரியும்.

1896ல் அந்தத் தென்கரையில் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். பெயர் 'குவோக் ஹோக்'. தேசியக் கல்வி என்று அர்த்தம். உத்தரவு போட்ட மன்னரின் பெயர் தான் தாய். (நம் காதுக்கு அம்மா ஞாபகம் வந்தால் தப்பில்லை.) உத்தரவு மன்னருடையது, யோசனை பிரெஞ்சுக்காரர்களுடையது. பிரெஞ்சு பேசத் தெரிந்த, சொன்ன வேலையைச் செய்கிற உத்தியோகஸ்தர்களைத் தயாரிக்கவேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

முதலில் கட்டடம்கூட இல்லை. ராஜாவின் கப்பற்படை வீரர்கள் தங்கிய பழைய கொட்டகைகளில், கூரையடியில் வகுப்பு நடந்தது. 1915 வாக்கில்தான் செங்கல் கட்டடம் எழும்பியது. சிவப்புச் சாயம் அடித்த, ஐரோப்பிய பாணியிலான நீளநீளமான கட்டடங்கள். நடுவில் மரங்கள் நிறைந்த முற்றம். வாசல் மட்டும் பழைய அரண்மனை பாணி, ஓடு வேய்ந்த இரண்டு தட்டு. ஆக வாசல் ராஜாவுடையது, உள்ளே வகுப்பறை பிரெஞ்சுக்காரனுடையது. கொத்தனார்கள் நாட்டு நடப்பை அப்படியே கட்டிக் கொடுத்துவிட்டார்கள்!

சரி, அங்கே படித்து வந்த உத்தியோகஸ்தர்கள் யார் யார்? ஒருவர் ஹோ சி மின். இன்னொருவர் வோ நுயென் கியாப். 1927ல் பள்ளியிலிருந்து துரத்தப்பட்டு, 1954ல் டியன் பியன் பூ போர்க்களத்தில் பிரெஞ்சு ராணுவத்தை மண்டியிட வைத்தவர். மூன்றாமவர் பாம் வான் டோங். 30 வருஷத்துக்கு மேல் பிரதம மந்திரியாக இருந்தவர்.

குமாஸ்தா வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார்கள். பார்சலைப் பிரித்தால் உள்ளே புரட்சிக்காரன்!

நம் முத்துக்குளித்துறையில் இப்படி ராஜா கட்டிய பள்ளிக்கூடம் எதுவும் கிடையாது. ஆனால் இதே 'பார்சல் மாறிய' கதை இங்கே ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. அதுவும் ஹுவே பள்ளிக்கு 350 வருஷம் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது.

ராணியின் செருப்பு

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் போனால் முதலில் உப்பளம். வெயிலில் கண் கூசும். அப்புறம் பழையகாயல், முக்காணி, வெற்றிலைக்குப் பெயர் போன ஆத்தூர். அந்தப் பக்கம் கிழக்கே திரும்பினால் புன்னைக்காயல். தாமிரவருணி கடலில் சேருகிற இடம். பொதிகையில் பிறந்து, இரண்டு மாவட்டத்து வயல்களுக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கிற களைப்போடு ஆறு இங்கே வந்து படுத்துக்கொள்கிறது.

சவேரியார் என்று நாம் அழைக்கும் பிரான்சிஸ் சேவியர் இந்தக் கரைக்கு வந்தது 1542ல். அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பாஷையும் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். சின்னப் பிள்ளைகள் விடவில்லை. இன்னும் சொல்லிக்கொடு, இன்னும் சொல்லிக்கொடு என்று மொய்த்துக்கொண்டார்கள். சாப்பிடவும் தூங்கவும்கூட விடமாட்டேன் என்கிறார்களே என்று ஊருக்குக் கடிதம் எழுதுகிற அளவுக்குப் போய்விட்டது! வாத்தியாரைப் பிள்ளைகள் இப்படித் துரத்திய காலமும் ஒன்று இருந்திருக்கிறது பாருங்கள்.

ஊர் ஊராக வாத்தியார் போடவேண்டும். சம்பளத்துக்கு எங்கே போவது? இங்கேதான் செருப்பு வருகிறது.

முத்துக்குளித்துறையின் வருமானத்தில் ஒரு தொகை போர்ச்சுகல் மகாராணி கேத்தரினின் செருப்புச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்தது. ஆமாம், செருப்புக்குத்தான்! இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலுக்கடியில் ஒருவன் சிப்பி பொறுக்க, அங்கே லிஸ்பனில் ராணியம்மாவுக்குப் புதுச்செருப்பு. சேவியர் அந்தப் பணத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்களுக்குக் கொடுத்துவிடும்படி ராணிக்கு எழுதினார். சொர்க்கத்துக்கு ஏறிப்போக இந்தக் கரையின் பிள்ளைகளைவிட நல்ல செருப்பு உங்களுக்குக் கிடைக்காது என்பது அவர் வாதம். ராணி சம்மதித்தார்.

உலகத்தில் எத்தனையோ பள்ளிக்கூடங்கள் எந்தெந்தப் பணத்திலோ நடந்திருக்கின்றன. செருப்புக் காசில் நடந்தது நம்முடையது!

சேவியருக்குப் பின்னால் வந்தவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். அண்டிரிக் அடிகளார் என்பார்கள். 1540களின் கடைசியில் வந்தவர், 1600ல் சாகும்வரை இந்தக் கரையை விடவில்லை. சேவியர் ஜெபத்தை மனப்பாடம் செய்தார். இவர் பாஷையையே கற்றுக்கொண்டார். தமிழுக்குப் போர்ச்சுகீசிய மொழியில் ஒரு இலக்கணமே எழுதினார். புன்னைக்காயலில் தமிழ் சொல்லித்தரப் பள்ளி ஏற்பட்டது. அங்கே பாதிரிமார்களுக்குள் ஒரு சட்டம்: தங்களுக்குள் தமிழில்தான் பேசவேண்டும். தவறி வேறு பாஷை பேசினால் தண்டனை உண்டு!

தமிழில் பேசினால் அபராதம் போட்ட கான்வென்ட்டுகளைப் பார்த்தவர்கள் நாம். தமிழில் பேசாவிட்டால் அபராதம் போட்ட வெள்ளைக்காரர்களை என்னவென்று சொல்ல?

விளைவு சாதாரணமானதல்ல. 1578ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சானது. 16 பக்கம். இந்திய எழுத்து ஒன்றில் இந்திய மண்ணில் அச்சான முதல் புத்தகம் அதுதான். 1586ல் 'அடியார் வரலாறு' அறுநூறு பக்கங்களுக்கு மேல் வந்தது. இந்த அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் ராணியில்லை, ராஜாவில்லை. முத்துக் குளித்த பரதவ மக்கள்.

நன்றாகக் கவனியுங்கள். வந்தவர்களின் நோக்கம் மதத்தைப் பரப்புவது. அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் புத்தகத்துக்குக் கொடுத்த காசு கரைக்காரர்களுடையது, எழுத்து நம்முடையது. ஓலையில் இருந்த தமிழ் காகிதத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் அந்தக் காகிதத்தில் என்ன எழுதுவது என்பதை எந்தப் பாதிரியாரும் தீர்மானிக்க முடியவில்லை.

பார்சல் நம்பர் ஒன்று!

சட்டாம்பிள்ளை செய்த காரியம்

தூத்துக்குடிக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் சாயர்புரம். சாமுவேல் சாயர் என்ற வியாபாரி 19ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கிறிஸ்தவர்களுக்காக நிலம் வாங்கிக் கொடுத்ததால் வந்த பெயர்.

1842ல் இங்கே வந்து சேர்ந்த ஜி.யு.போப்புக்கு வயது 22. திருக்குறளையும் திருவாசகத்தையும் பிற்பாடு இங்கிலீஷில் தந்தாரே, அதே போப்தான். கனடாவில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, கப்பலிலேயே தமிழ் படிக்க ஆரம்பித்து இந்தப் பனங்காட்டுக்கு வந்துவிட்டார். வந்தவர் ஒரு செமினரி ஆரம்பித்தார். உபதேசியார்களைத் தயாரிக்கும் பள்ளி.

பாடத்திட்டத்தைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். தமிழோடு கிரேக்கம், லத்தீன், ஹீப்ரூ! பனையேறிகளின் பிள்ளைகள் தேரி மணலில் உட்கார்ந்து கிரேக்கம் படித்திருக்கிறார்கள். போப் பிரம்புக்கும் பெயர் போனவர். அதனால் படிக்காமலும் இருந்திருக்க முடியாது.

அந்தப் பள்ளியில் அருமைநாயகம் என்று ஒரு கெட்டிக்கார மாணவர். வகுப்புக்குச் சட்டாம்பிள்ளை. வாத்தியார் இல்லாதபோது பேசுகிறவன் பெயரை எழுதிவைக்கிறவர். நம்மில் பாதிப்பேருக்கு ஜென்மப் பகையாளி! அவருக்கு அதுவே பெயராக நிலைத்துவிட்டது. சட்டாம்பிள்ளை என்றால்தான் தெரியும்.

உபதேசியாராக வெளியே வந்த சட்டாம்பிள்ளைக்கும் நாசரேத் வட்டாரத்து மிஷனரிக்கும் மோதல். வேறு ஆளாக இருந்தால் மன்னிப்புக் கடிதம் கொடுத்திருப்பார். இவர் பைபிளைத் திறந்தார். ஹீப்ரூ கற்றுக்கொடுத்திருக்கிறார்களே! மூல நூலில் இருக்கிற வழக்கமெல்லாம் நம் ஊர் வழக்கம் மாதிரியல்லவா இருக்கிறது? சாம்பிராணிப் புகை இருக்கிறது. தரையில் விழுந்து வணங்குவது இருக்கிறது. ஓய்வு நாள் ஞாயிறு இல்லை, சனி. அப்படியென்றால் இந்தத் துரைமார்கள் சொல்லிக்கொடுத்ததில் பைபிள் எவ்வளவு, ஐரோப்பா எவ்வளவு?

1857ல், வடக்கே சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கிய அதே வருஷம், சட்டாம்பிள்ளை தனிச் சபை கண்டார். வெள்ளைக்காரர் தலைமை இல்லை, பணம் இல்லை. நாசரேத்துக்குப் பக்கத்தில் பிரகாசபுரத்தில் அவர் வழிவந்தவர்களின் ஆலயம் இருக்கிறது. ஆராதனை சனிக்கிழமை.

இத்தோடு விட்டாரா? கால்டுவெல் 1849ல் பனைத் தொழில் செய்த நாடார் மக்களைப் பற்றி இங்கிலீஷில் ஒரு சின்னப் புத்தகம் எழுதியிருந்தார். அதில் இருந்த வர்ணனைகள் மரியாதையாக இல்லை. இங்கிலாந்தில் இருப்பவர்கள் படித்து நன்கொடை அனுப்ப எழுதியது; இங்கே இருப்பவர்கள் படிப்பார்கள் என்று அப்போது யார் நினைத்தது? ஆனால் அந்த மக்களுக்கே பள்ளிக்கூடம் வைத்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டார்களே! படித்துவிட்டார்கள். 1880களில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்களில் முன்வரிசையில் நின்றவர், வேறு யார், சட்டாம்பிள்ளைதான்.

வாத்தியார் எழுதியதைத் திருத்துகிற மாணவன்! பார்சல் நம்பர் இரண்டு.

கால்டுவெல் பற்றி நியாயமாக இன்னொன்றும் சொல்லவேண்டும். 1856ல் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இல்லாவிட்டால் தமிழின் குடும்ப வரலாறு உலகத்துக்குத் தெரிய இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ. மனிதர் கட்டடப் பிரியரும்கூட. இடையன்குடியில் அவர் கட்டிய ஆலயத்துக்கு அடிக்கல் 1847ல். திறப்பு விழா 1880ல். 33 வருஷம்! நாம் இரண்டு பெட்ரூம் வீட்டுக்கே மேஸ்திரியோடு சண்டை போடுகிறோம். ஐரோப்பிய பாணிக் கூர்வளைவு ஜன்னல்களை நம் ஊர்க் கொத்தனார்கள் பார்த்ததே இல்லை. களிமண்ணில் மாதிரி செய்து காட்டி வேலை வாங்கினார் என்று இன்றும் சொல்கிறார்கள். அவர் மனைவி எலைசா அதே ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, படிப்போடு லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தார். இந்தக் கதை முழுக்க ஆம்பளைப் பிள்ளைகளாகவே வருகிறதே என்று முறைக்கிற வாசகிகளுக்காக இதையும் சொல்லிவைக்கிறேன். ஹுவேயில்கூடப் பெண்களுக்கென்று பக்கத்திலேயே ஒரு பள்ளி வர 1917 ஆகிவிட்டது. எலைசா அதற்கு 70 வருஷம் முந்தி.

ஒட்டப்பிடாரத்துப் பையன்

சாயர்புரத்துப் படிப்பு வளர்ந்து கல்லூரி ஆனது. 1883ல் அது தூத்துக்குடிக்கு இடம் மாறி, கால்டுவெல் பெயரில் நடந்தது. கல்லூரி வகுப்புகள் நீடிக்கவில்லை, பள்ளிக்கூடம் நிலைத்தது. இன்றைக்கும் கால்டுவெல் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. ஊரில் இன்னொரு பக்கம் இயேசு சபைப் பாதிரிமார்களின் புனித சவேரியார் பள்ளி.

தூத்துக்குடியின் பழைய தெருக்களில் நடக்கும்போது சாயம் உதிர்ந்த சுவர்களை உற்றுப் பாருங்கள். செங்கல்லுக்குப் பதில் ஓட்டை ஓட்டையாக, தேன்கூடு மாதிரி ஒரு கல் தெரியும். பவளப்பாறை! கடலிலிருந்து வெட்டி எடுத்து, சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இந்த ஊர்க்காரன் கடலிலிருந்து முத்தை எடுத்தான், உப்பை எடுத்தான், வீட்டையே எடுத்தான்! அதற்கு விலையும் கொடுத்திருக்கிறோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. பவளப்பாறைகளை அளவில்லாமல் வெட்டியதும் அதற்குக் காரணம். முத்துக்குளிப்பும் 1961க்குப் பிறகு பழையபடி நடக்கவில்லை.

இந்தத் தெருக்களில் 1880களின் பிற்பகுதியில் ஒரு பையன் புத்தகத்தோடு நடந்துபோயிருக்கிறான். ஒட்டப்பிடாரத்திலிருந்து வந்தவன். அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் பாஞ்சாலங்குறிச்சி; கட்டபொம்மன் கோட்டையை வெள்ளைக்காரன் தரைமட்டமாக்கிய இடம். பையன் பெயர் சிதம்பரம். 1872ல் பிறந்தவன். சவேரியார் பள்ளியிலும் படித்தான், கால்டுவெல் பள்ளியிலும் படித்தான். பிற்பாடு திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்குப் போனான். அதே இந்துக் கல்லூரிப் பள்ளியில்தான் எட்டயபுரத்துச் சுப்பையாவும், அதாவது நம் பாரதியும் படித்தார்.

வெள்ளைக்காரப் பள்ளியில் படித்தால் என்ன கிடைக்கும்? இங்கிலீஷ் கிடைக்கும். இங்கிலீஷ் தெரிந்தால்? சட்டம் படிக்கலாம். சட்டம் தெரிந்தால்? கம்பெனி ரிஜிஸ்டர் செய்யலாம்!

1906 அக்டோபர் 16. சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. மூலதனம் 10 லட்சம். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். வெள்ளைக்காரன் சட்டப்படியே, வெள்ளைக்காரன் பாஷையிலேயே விதிகளை எழுதி, வெள்ளைக்காரன் கப்பல் ஓடிய அதே தூத்துக்குடி கொழும்பு வழியில் வ.உ.சி. கப்பல் விட்டார். எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. அப்புறம் சும்மாவே ஏறிக்கொள்ளுங்கள் என்றது. அதற்கும் மேலே போய், ஏறினால் ஒரு குடை இலவசம் என்றது! ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்கிற வியாபாரத்துக்கு நம் கடற்கரையில் போட்ட பிள்ளையார் சுழி அது.

பார்சல் நம்பர் மூன்று. இதை அனுப்பினவர்கள் கடைசிவரை வருத்தப்பட்டிருப்பார்கள்.

அந்த 1908

இனி வருஷக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்.

1908 பிப்ரவரி. சாயர்புரத்தில் பள்ளி வைத்த போப் இங்கிலாந்தில் காலமானார். அதே பிப்ரவரி 27ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். பின்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 12ல் வ.உ.சி. கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. இந்துக் கல்லூரி மாணவர்கள் வகுப்பை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர் போனது. ஜூலை 7ல் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. மேல் முறையீட்டில் குறைந்தது என்றாலும் சிறையில் செக்கிழுத்தார். வெளியே வந்தது 1912 டிசம்பரில். கப்பல் கம்பெனி அதற்குள் போயே போய்விட்டது.

அதே 1908 மே மாதம். கடலுக்கு அந்தப் பக்கம், ஹுவே நகரில் வரிச்சுமை தாங்காத விவசாயிகள் ஊர்வலமாக வந்தார்கள். அவர்களோடு சேர்ந்துகொண்ட மாணவர்களில் குவோக் ஹோக் பள்ளிப் பையன் ஒருவன் இருந்தான். அப்போது அவன் பெயர் நுயென் டாட் தான். பிற்பாடு உலகம் அவனை ஹோ சி மின் என்று அறிந்தது. 1911ல் அவனும் கப்பல் ஏறினான், சமையல் உதவியாளாக!

தூத்துக்குடிக்காரர்களுக்கு ஹுவே என்றொரு ஊர் இருப்பது தெரியாது. ஹுவேக்காரர்களுக்குத் தூத்துக்குடி தெரியாது. இரண்டு வேறு வெள்ளைக்காரர்கள், இரண்டு வேறு பாஷைகள். ஆனால் ஒரே வருஷத்தில் இரண்டு இடத்திலும் பள்ளிக்கூடம் ஒரே வேலையைச் செய்திருக்கிறது. இதைத் தற்செயல் என்று சொல்லித் தள்ளிவிடலாம். எனக்கு மனசு வரவில்லை.

பள்ளிக்கூடம் கட்டுகிறவனுக்கு ஒரு கணக்கு இருக்கும். ராஜாவுக்கு விசுவாசி வேண்டும், துரைக்குக் குமாஸ்தா வேண்டும், பாதிரியாருக்கு உபதேசியார் வேண்டும். சுவர் எழுப்பலாம், வாசலுக்கு என்ன பாணியில் வேண்டுமானாலும் ஓடு வேயலாம், பாடத்திட்டமும் போடலாம். ஆனால் எழுத்து தெரிந்த பிள்ளை அடுத்த பக்கத்தைப் புரட்டுவதை யாரும் தடுக்க முடியாது. 'இதுவரைக்கும் படி, அதற்கு மேலே படிக்காதே' என்று சொல்கிற பிரம்பு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. போப்பிடமே அது இல்லை!

இதிலே பாதிரிமார்களையும் பிரெஞ்சுக்காரர்களையும் மட்டும் கிண்டல் செய்துவிட்டுப் போவதும் சரியில்லை. நாமும் பள்ளிக்கூடம் அனுப்புகிறோம். டாக்டர் என்று ஆர்டர், இன்ஜினீயர் என்று ஆர்டர். இந்த மார்க்குக்கு இந்தக் காலேஜ், இந்தக் காலேஜுக்கு இந்தச் சம்பளம் என்று கணக்கு. பிள்ளை வேறு எதையாவது படித்துவிட்டு வேறு எதையாவது கேட்டால், பள்ளிக்கூடம் கெடுத்துவிட்டது என்று தலையில் அடித்துக்கொள்கிறோம். கெடுக்கவில்லை ஸார். அது தன் வேலையைச் செய்திருக்கிறது.

சாயந்திரம் நாலரை மணிக்கு இந்த ஊரில் எந்தப் பள்ளி வாசலிலும் நின்று பாருங்கள். மணி அடித்ததும் சைக்கிள் வெள்ளம். மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை இருக்கும். உப்பளத்தில் அம்மாவும் அப்பாவும் கால் வெடிக்க நிற்கிற வீட்டுப் பிள்ளை இருக்கும். துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர் வீட்டுப் பிள்ளை இருக்கும். அந்த வீடுகளில் யாருக்கும் ராணியின் செருப்புக் காசு வருவதில்லை. சொந்தச் செருப்புத் தேய்ந்துதான் ஃபீஸ் கட்டுகிறார்கள்.

ஹுவே பள்ளி முற்றத்தில் இன்று ஹோ சி மின் சிலை நிற்கிறது. பள்ளியை ஆரம்பிக்க யோசனை சொன்ன பிரெஞ்சு துரைக்கு அங்கே சிலை இல்லை. இங்கே? 1951ல் தூத்துக்குடியில் ஆரம்பித்த கல்லூரிக்கு வ.உ.சிதம்பரம் பெயர். 2011லிருந்து துறைமுகத்துக்கே வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர். இலவசக் குடை கொடுத்த கம்பெனியின் பெயர் எந்த வாசலிலும் இல்லை. சாயர்புரத்தில் போப் பெயரில் 1962ல் ஒரு கல்லூரி வந்தது. பிரம்போடு தமிழையும் நேசித்த வாத்தியாரை இந்த மக்கள் மறக்கவில்லை.

தூத்துக்குடிக்கு அடுத்த தடவை போகும்போது மக்ரூன் கட்டாயம் வாங்குங்கள். மாதா கோயிலைப் பாருங்கள். கூடவே ஒரு நாள் ஒதுக்கிப் புன்னைக்காயல், சாயர்புரம், பிரகாசபுரம் பக்கம் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். தோளில் பை மாட்டிய ஒரு பொடியனோ பொடிச்சியோ எதிரே வந்தால் கொஞ்சம் மரியாதையாக வழிவிடுங்கள்.

நம்பர் நான்கு அந்தப் பைக்குள் இருக்கலாம்!